தலைக்காயத்துக்குப் பிறகு வீடு செய்த சிகிச்சை: ஒரு கல்யாணச் சமையல்காரர் பற்றிய நிகழ்வு ஆய்வு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்வது என் தொழில். கார் விபத்தில் தலையிலும் தொடையிலும் அடிபட்ட ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். குடும்பத்தார் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஊரையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். எலும்பு எப்படிக் கூடியது என்பதைச் சுருக்கமாகவே சொல்லப் போகிறேன். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது, எலும்பு கூடிய பிறகு அந்த வீட்டில் நடந்ததைத்தான். தலைக்காயம் பட்டவரை வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டு தருகிறோம், மறுபரிசோதனைத் தேதி தருகிறோம். ஆளின் குணம் மாறக்கூடும் என்பதைப் பல குடும்பங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. இந்தக் குடும்பத்துக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆளும் வீடும்

அவருக்கு வயது 36. கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை வரை அவர் கைப்பக்குவத்துக்குப் பெயர் உண்டு. கீழே எட்டுப் பேர் வேலை செய்தார்கள். மனைவிக்கு 31 வயது, ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். அவருடைய ஆத்தாவும் (அம்மா) கூடவே இருக்கிறார். தம்பி சிங்கப்பூரில் வேலை. தங்கையைத் தேவகோட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

பெரிய நகரத்தார் வீடு ஒன்றின் பின்கட்டில், அதாவது பின்பகுதியில், குடியிருக்கிறார்கள். உரிமையாளர் குடும்பம் சென்னையில். திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும் மட்டும் வருவார்கள். மற்ற நாளில் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுவது இந்தக் குடும்பத்தின் பொறுப்பு. இது ஏன் முக்கியம் என்றால், செட்டிநாட்டு வீடு நோயாளிக்குத் தடையாகவும் இருக்கும், துணையாகவும் இருக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே உயரமான நிலைப்படி. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, ஈரம் பட்டால் வழுக்கும். கழிப்பறை கொல்லைப்புறத்தில், குந்தி உட்காரும் வகை. அதே வீட்டில் வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றி நீளமான, சமதளமான, நிழலான தாழ்வாரமும், கைக்கு எட்டும் இடைவெளியில் தேக்குத் தூண்களும் இருந்தன. உரிமையாளர் ஆச்சியிடம் போனில் கேட்டபோது, "வளவு சும்மாதானே கெடக்கு, தம்பி நடக்கட்டும்" என்று உடனே சாவியைப் புழங்கச் சொல்லிவிட்டார்.

விபத்து

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் இரவு முழுக்க நின்று சமைத்து, காலைப் பந்தியும் முடித்து, வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநரும் இரவு தூங்காதவர். திருமயம் தாண்டியதும் ஓரமாக நின்ற லாரியின் பின்னால் கார் மோதியது. இவர் பின்சீட்டில் பெல்ட் போடாமல் தூங்கிக்கொண்டிருந்தார். முன்சீட்டில் இருந்தவர் பெல்ட் போட்டிருந்தார், விலா எலும்பு முறிவோடு தப்பினார். சமையல் வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஊர் திரும்புகிறார்கள்: இரவெல்லாம் விழித்த உடம்பு, இரவெல்லாம் விழித்த ஓட்டுநர். பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். அதை நடைமுறையில் யாரும் பார்ப்பதில்லை.

108 ஆம்புலன்ஸ் வந்து அருகிலிருந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து திருச்சியில் ஒரு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு நாளில் யாரும் நகையை அடகு வைக்க ஓடாமல் இருந்தது, பிற்பாடு எவ்வளவு உதவியது என்று அவர் தங்கை இன்றும் சொல்வார். அதற்குப் பிறகான செலவில் ஒரு பகுதி முதலமைச்சர் காப்பீட்டிலும் மீதி தம்பியின் சேமிப்பிலும் போனது.

சேர்க்கும்போது, நினைவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கிளாஸ்கோ கோமா அளவு 7. மூன்றிலிருந்து பதினைந்து வரை போகும் இந்த அளவில் எட்டோ அதற்குக் கீழோ வந்தால் கடுமையான காயம் என்று கொள்வார்கள். மூளையின் வலப்பக்கம் உறைக்குக் கீழே ரத்தக்கட்டு, நெற்றிப் பகுதி மூளையில் சிராய்ப்பு, வலது தொடை எலும்பு முறிவு. ரத்தக்கட்டை எடுத்தார்கள். மூளை வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டையோட்டின் ஒரு துண்டைக் கழற்றி வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். தொடைக்குள் கம்பி செலுத்தினார்கள். தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய், மூக்கு வழியாக உணவு செலுத்த ரைல்ஸ் டியூப். மூன்றாவது வாரம் கண் திறந்தார். ஏழாவது வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கும் அவருக்கு நாள், கிழமை, இடம் எதுவும் பிடிபடவில்லை. விபத்துக்குப் பிறகான இந்தக் குழப்பநிலை நான்கு வாரம் தாண்டினால் அது மிகக் கடுமையான காயத்தின் அடையாளம்.

வீட்டில் முதல் இரண்டு மாதம்

நான் அங்கே போகத் தொடங்கியபோது இடது கையும் காலும் பலவீனம், வலது தொடையில் கம்பி, இடுப்புக்குப் பின்னால் தொடக்கநிலைப் படுக்கைப்புண். தலையின் வலப்பக்கம் எலும்பு இல்லாமல் குழிந்திருந்தது. மகள் அந்தப் பக்கம் பார்க்கவே பயந்தாள். வயிற்றைத் தொட்டால் எலும்பு தட்டுப்படுகிறது என்று ஆத்தா அழுதார். 'அது பத்திரமாக இருக்கிறது, மூன்று நான்கு மாதத்தில் திரும்ப இடத்தில் வைத்துவிடுவார்கள்' என்று மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே விளக்கினோம். அதுவரை அந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கக் கூடாது, எழுந்து உட்காரும்போது தலைக்குக் காப்பு வேண்டும். குழந்தைக்குத் தெரியாமல் மறைத்தால் பயம் கூடும் என்பது என் கருத்து.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தார்கள். ஏர்பெட் வாங்கினார்கள். தூக்கும்போது பலவீனமான இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதை வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் செய்து காட்டினேன். வருகிற ஒவ்வொரு உறவினரும் பாசத்தில் முதலில் பிடித்து இழுப்பது அந்தக் கையைத்தான், தோள்மூட்டு நழுவிவிடும். கழிப்பறைக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு வைத்தது தங்கை வீட்டுக்காரரின் யோசனை. கடையில் கேட்ட விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். ஊருக்கே சமைத்துப் போட்ட மகன் டியூபில் கஞ்சி குடிப்பதை ஆத்தாவால் தாங்க முடியவில்லை. யாரும் பார்க்காதபோது ஒரு கரண்டி ரசம் ஊட்டிவிட்டார். இருமல் வந்து காய்ச்சலில் முடிந்தது. தண்ணீர் போல இருப்பதுதான் இந்த நிலையில் ஆபத்து, நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் என்பது பலருக்கும் தெரியாது. ரசமும் தண்ணீரும் லேசானவை, நோயாளிக்கு ஏற்றவை என்றுதானே நாம் நினைக்கிறோம்? விழுங்கும் திறனைச் சோதித்த பிறகு, நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, கூழ் பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கினோம். ஆத்தாவை விலக்கி வைக்காமல், அந்த வேலையையே அவரிடம் ஒப்படைத்தோம். பதம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ரைல்ஸ் டியூப் கழன்றது அவர் முயற்சியால்தான்.

நலம் விசாரிக்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கட்டிலைச் சூழ்ந்துகொண்டு, "என்னையத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பாப்போம்" என்பார்கள். பதில் தெரியாமல் அவர் முகம் திரும்பும், கை நடுங்கும், அன்று இரவு தூக்கம் போய்விடும். காயம்பட்ட மூளைக்குப் பல குரல்களை ஒரே நேரத்தில் பிரித்தெடுக்க முடியாது. மனைவி ஒரு அட்டையில் எழுதிக் கதவில் மாட்டினார்: ஒரு நேரத்தில் ஒருவர், உங்கள் பெயரையும் உறவையும் நீங்களே சொல்லுங்கள், கேள்வி கேட்காதீர்கள், பத்து நிமிடம். சொந்தத்தில் சிலர் முறுக்கிக்கொண்டு போனார்கள். தங்கை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சமாதானம் சொன்னார். கட்டிலுக்கு எதிரே ஒரு கரும்பலகை வைத்து, தேதி, கிழமை, இன்று வீட்டில் யார் யார், அடுத்த வேலை என்ன என்று மகள் தினமும் எழுதினாள். அப்பாவைப் பார்க்கப் பயந்த பிள்ளைக்கு அந்தப் பலகை ஒரு வழி திறந்துவிட்டது.

நடந்தார்

மூன்றாம் மாதம் தூணைப் பிடித்து நின்றார். நான்காம் மாதம் மண்டையோட்டுத் துண்டைத் திரும்ப வைத்தார்கள். வாக்கரில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை, பிறகு வளவை ஒரு சுற்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பிசியோதெரபிஸ்டும் முறை வைத்து வந்ததால் பயிற்சி தடைபடவில்லை. இடது பாதம் தொங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் தாங்கி கொடுத்தோம். ஆறாம் மாதம் ஊன்றுகோலோடு நிலைப்படியைத் தாண்டினார். குன்றக்குடி முருகனுக்குப் பால்காவடி நேர்ந்திருந்த ஆத்தா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார், "எம் மகன் எந்திரிச்சுட்டான்" என்று.

ஆளே மாறிட்டாக

அந்தச் சமயத்தில்தான் மனைவி என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "காலு சரியாயிருச்சு. அவுக ஆளே மாறிட்டாக. நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?"

அவர் சொன்னவை இவை. காலையில் எழுந்து உட்கார்ந்தால் யாராவது சொல்லும்வரை பல் துலக்க மாட்டார், குளிக்க மாட்டார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார். சத்தம் கொஞ்சம் கூடினால் கையில் இருப்பதை எறிவார். மகளை ஒருநாள் அறைந்துவிட்டார். விபத்துக்கு முன் அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. உறவினர் முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை, நாளைக்கே வேலைக்குப் போவேன் என்கிறார்.

ஊர் இதற்கு மூன்று விளக்கம் வைத்திருந்தது: கிறுக்குப் பிடித்துவிட்டது, காத்துக் கருப்பு, பொண்டாட்டி சரியாகக் கவனிக்கவில்லை. மூன்றாவதுதான் அந்தப் பெண்ணை நொறுக்கியது. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அதை நான் தடுக்கவில்லை. யாருக்கும் கெடுதல் இல்லாத நம்பிக்கையோடு சண்டை போட்டு, மாத்திரையையும் பயிற்சியையும் இழக்க நான் தயாராக இல்லை.

எல்லோரையும் வளவில் உட்கார வைத்துப் பேசினோம். தம்பி சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் இருந்தார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் ஒரு வேலையைத் தொடங்க வைக்கிறது, வரிசைப்படுத்துகிறது, கோபம் வந்தால் ஒரு நொடி நிறுத்திப் பிடிக்கிறது. அது அடிபட்டிருக்கிறது. தொடங்காமல் உட்கார்ந்திருப்பது சோம்பல் கிடையாது, கத்துவது வெறுப்பினால் வருவதும் கிடையாது. தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்வதுகூடக் காயத்தின் பகுதி, தன் குறையைத் தானே பார்க்கும் திறனும் அங்கேதான் இருக்கிறது. தொடை முறிந்தபோது 'எழுந்து நட' என்று அவரை யாரும் திட்டவில்லையே என்று கேட்டேன். ஆத்தா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எம் மருமக மேல பழி போட்டது பாவம்" என்றார். அந்தக் கூட்டத்தில் நடந்த பெரிய சிகிச்சை அதுதான்.

இன்னொன்றும் தெரிந்தது. வலிப்பு வராமல் இருக்க அவருக்கு லெவெடிரசிட்டம் கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரை சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். தாங்களாக நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று எச்சரித்து, கோபம் வந்த நாள், நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்பதை மனைவியை ஒரு நோட்டில் எழுதச் சொன்னோம். நரம்பியல் மருத்துவர் நோட்டைப் படித்துவிட்டு மருந்தை மாற்றினார். கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு அதே நோட்டு வழிகாட்டியது: பெரும்பாலும் சாயங்காலம், களைத்த பிறகு, டிவியும் மிக்ஸியும் ஒன்றாக ஓடும்போது. மதியம் ஒரு மணி நேரம் இருட்டறையில் ஓய்வு வைத்தார்கள். கோபம் ஏறும்போது வாதாடாமல் மகளை அழைத்துக்கொண்டு அடுத்த கட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். மகளிடம், 'அப்பா அடித்தது தப்பு, உன் மேல் தப்பில்லை' என்று அம்மா தெளிவாகச் சொன்னார். காயம் காரணம் என்று சொல்லும்போது பிள்ளையின் வலியைச் சின்னதாக்கிவிடக் கூடாது.

அடுப்படி

அவருக்கு வாசனை தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் ஆத்தா. தாளிப்புக் கருகியபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையில் பலமாக அடிபடும்போது மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்பிழைகள் அறுந்து போகலாம். சிலருக்குத் திரும்பும், பலருக்குத் திரும்பாது. சமையல்காரருக்கு இது எப்படிப்பட்ட இழப்பு என்று நான் எழுத வேண்டியதில்லை. "மணமே இல்லண்ணே, எல்லாம் தவிடு மாதிரி இருக்கு" என்று அவர் என்னிடம் சொன்னதுதான், தனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

அதைப் பிடித்துக்கொண்டோம். சமையல் என்பது தொடங்குதல், வரிசை, நேரம், நிறுத்துதல் என எல்லாம் அடங்கிய வேலை. நெற்றி மூளைக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்? வெள்ளைப் பணியாரத்தில் தொடங்கினோம். ஒரு உழக்குப் பச்சரிசி, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாக வைத்து அளப்பது அவர் கைக்குத் தானாக வந்தது. ஊறப்போட்டதை மறந்துவிட்டார். உப்பு இரண்டு தடவை போட்டார். ஒவ்வொரு படியையும் அட்டையில் எழுதி, முடித்ததும் குப்புறத் திருப்பி வைக்கும் முறையைப் பழக்கினோம். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொருவர் நிற்பார். கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது என்பதால் கசிவு கண்டால் கத்தும் கருவி ஒன்றை மாட்டினார்கள். அடுப்பைப் பற்ற வைப்பதும் ரெகுலேட்டரைத் திறப்பதும் மனைவியின் வேலை. பாலும் மாவும் கெட்டுப்போனதும் தெரியாதே என்று டப்பாவில் தேதி எழுதினார்கள்.

இங்கேதான் மாமியாருக்கும் மருமகளுக்கும் மறுபடி உரசல். அவர் சட்டையைப் போடத் தடுமாறினால் ஆத்தா ஓடிவந்து போட்டுவிடுவார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். "கல்லு நெஞ்சுக்காரி" என்று பேச்சு வந்தது. மனைவிதான் சரி என்று நான் பட்டென்று சொன்னேன். ஆபத்தில்லாத எந்த வேலையிலும் அவர் தடுமாறி முடிக்கட்டும், நாம் கை நீட்டும் ஒவ்வொரு தடவையும் அவர் மூளைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பயிற்சி கைநழுவிப் போகிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் மறுவாழ்வுத் துறையை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. அவரைப் பற்றி ஆத்தாவிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பாகள்ல" என்று கேட்டார். அதற்குப் பிறகு சட்டையைத் தொடுவதில்லை. பார்க்க முடியாவிட்டால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார்.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது

எட்டாம் மாதத்தில் மனைவி இளைத்து, இடுப்புவலியோடு, ஒரு நேரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் இருந்தார். கேட்டால் "எனக்கென்ன" என்பார். நான் தங்கையிடம் பேசினேன். அவர் தினசரி காலண்டரில் முறை எழுதினார்: வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு வரை தங்கை, செவ்வாய் வியாழன் இரவு தங்கை வீட்டுக்காரர், தம்பி விடுப்பில் வரும் மாதம் முழுக்கத் தம்பி. முறை இல்லாத இரவில் மனைவி வேறு கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். முதல் வாரம் குற்ற உணர்ச்சியில் எழுந்து எழுந்து வந்தார். 'உதவி வேண்டுமா' என்று அவரிடம் கேட்டால் வேண்டாம் என்பார், கிழமையைக் குறித்துச் சொன்னால்தான் ஒப்புக்கொள்வார் என்று தங்கைக்குத் தெரிந்திருந்தது.

சமையல் குழுவிலிருந்த மூத்த உதவியாளர், பிடித்திருந்த காண்ட்ராக்டுகளை விட்டுவிடாமல் நடத்தி, லாபத்தில் பங்கை மாதாமாதம் கொண்டுவந்து கொடுத்தார். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் கிடையாது.

வழக்கு

தங்கை வீட்டுக்காரர் முதல் நாளிலிருந்தே ஒரு பையில் எல்லாக் காகிதத்தையும் சேர்த்தார். எஃப்ஐஆர் நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சீட்டு, பில்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது, அது 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நோயாளியைக் கவனிப்பதில் அந்த ஆறு மாதம் போனதே தெரியாது. விபத்து நடந்த இடத்தில்தான் என்றில்லை, நாம் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் மனுப் போடலாம். சம்பளச் சீட்டு இல்லாத தொழில் என்பதால், முன்பணம் குறித்த ஆர்டர் டைரிகளும் கல்யாண வீட்டார் சிலரின் வாக்குமூலமும் வருமானச் சான்றாகப் போயிருக்கின்றன. மனைவி தன் தையல் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டதும் செலவுதான் என்று வக்கீல் எழுதியிருக்கிறார். பராமரிப்பாளர் செலவை ஆயுட்காலக் கணக்கில் பெருக்கித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஒரு சிறுமியின் வழக்கில் சொல்லியிருக்கிறது. காலின் ஊனத்துக்குச் சான்று சுலபமாகக் கிடைத்துவிட்டது. நினைவாற்றலையும் நடத்தையையும் அளக்கும் நரம்பியல் உளவியல் சோதனைக்கு வெளியூர் போக வேண்டும், அதற்குத் தேதி வாங்கியிருக்கிறார்கள். கோப நோட்டையும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது

விபத்து நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. தாங்கியும் ஊன்றுகோலும் வைத்து வெளியே நடக்கிறார். குன்றக்குடிப் படிகளை, இரண்டு இடத்தில் உட்கார்ந்து, ஏறிவிட்டார். வண்டி ஓட்ட அனுமதி இல்லை, அதில் அவருக்கு வருத்தம். வாசனை திரும்பவில்லை. நிறத்தையும் சத்தத்தையும் கடிகாரத்தையும் வைத்துப் பக்குவம் பார்க்கிறார். மணத்துக்கு உதவியாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "கறிவேப்பிலை வாடை போயிருச்சா? மல்லி வந்துருச்சா?" என்று கேட்கிறார். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்கில் தெரிகிறது. வாரத்தில் மூன்று நாள், அரை நாள் வேலை. சாமான் பட்டியல் போடுவது முழுக்க அவர் பொறுப்பு. எழுதி முடித்ததை மனைவி ஒருமுறை சரிபார்க்கிறார். மனைவி வாரம் இரண்டு நாள் தையலுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். மகள் இன்னும் அப்பா குரல் உயர்ந்தால் அறையை விட்டுப் போகிறாள். பள்ளி ஆலோசகரிடம் அவளை அழைத்துப் போகிறார்கள்.

தை மாதம் தேவகோட்டையில் ஆயிரம் இலைக் கல்யாணம் ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரவு முழுக்க நிற்பேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். தங்கை வீட்டில் தங்கி, மாலை நான்கு மணிக்குப் பந்தலுக்குப் போய், எட்டரைக்குத் திரும்பிவிடுவது என்று பேசி முடித்திருக்கிறார்கள். குழு ஊர் திரும்புவதும் மறுநாள் மதியத்துக்குப் பிறகுதான். ஓட்டுநர் அன்று இரவு தூங்கியிருக்க வேண்டும் என்பதை மனைவி நேராகவே வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டார்.